18 மீட்டருக்கு இத்தனை விதி, பத்தடிக் குழிக்கு ஒரு கயிறு

படத்தைப் போட்டது நான்தான். புதுச்சேரிக் கடலில், முதுகில் காற்று சிலிண்டரோடு, நீர் சொட்டச் சொட்டப் படகின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் படம். அன்றிரவே ஒரு தோழர் எழுதினார்: “மலக்குழியில் நம்ம ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் மீன் பார்க்கப் போயிருக்கிறீர்கள்.” இன்னொருவர், “மேட்டுக்குடி ஆகிவிட்டீர்கள் தோழர்” என்றார். இருவருக்கும் தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. நம் மாணவத் தோழர்களும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஆம், செலவுதான். இரண்டு வருடம் சம்பளத்தில் மிச்சம் பிடித்தேன். கார் வாங்கித் தவணை கட்டும் தோழரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தலித் என்றால் கண்ணீரோடு மட்டும்தான் படத்தில் இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். அந்த எதிர்பார்ப்புக்கு நாமே ஏன் காவல் நிற்க வேண்டும்?

உண்மையில் என்னை இத்தனை காலம் தடுத்தது காசு இல்லை, நீச்சல். ஓப்பன் வாட்டர் டைவர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழுக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்திக் காட்ட வேண்டும், 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். என்னோடு படித்தவர்களுக்கு அது ஒரு சடங்கு. “சின்ன வயசுல ஊர்க் கிணத்துல கத்துக்கிட்டேன்” என்றார் ஒருவர், சாதாரணமாக. எங்கள் ஊரிலும் கிணறுகள் உண்டு. பம்புசெட்டுத் தொட்டியில் கால் நனைத்ததற்கே என் அண்ணன் அடி வாங்கியிருக்கிறான். கிணற்றில் குதிப்பதாவது! சேரிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது மழைக்காலக் குட்டையும் கைவிட்ட கல்குவாரியும். குவாரியில் இறங்கியவர்களில் ஒருவன் திரும்பி வரவில்லை. அதோடு எங்கள் தெருவில் யாரும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்ததை ஆண்டுதோறும் பேசுகிறோம். குளத்தைப் பொதுவாக்கும் தீர்மானத்தை அந்த நகராட்சி ஏற்கெனவே போட்டிருந்தது. தீர்மானம் இருந்தும் தண்ணீரைத் தொட ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போக வேண்டியிருந்தது, தொட்டதற்கு அடியும் வாங்க வேண்டியிருந்தது. குடிக்கும் தண்ணீருக்கே இந்தக் கதை என்றால், விளையாடும் தண்ணீரை யார் கேட்டது? சமூகவியல் வகுப்பில் பண்பாட்டு மூலதனம் என்று பக்கம் பக்கமாகப் படித்தேன். முப்பது வயதைத் தாண்டி, மாநகராட்சி நீச்சல் குளத்தின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பத்து வயதுக் குழந்தைகளோடு காலை உதைத்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

இப்போது மலக்குழிக்கு வருகிறேன். அந்தத் தோழர் நினைப்பதுபோல் நான் அதை மறந்துவிட்டுக் கடலுக்குள் போகவில்லை. பயிற்சியின் முதல் நாளிலிருந்து அது கூடவே வந்தது.

முதல் நாள் மருத்துவப் படிவம். ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, காதில் அறுவை நடந்ததா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் கால் வைக்க முடியாது. பிறகு பாடம், தேர்வு. பிறகு ஆழமில்லாத நீரில் பயிற்சி: முகமூடியில் தண்ணீர் புகுந்தால் எப்படி வெளியேற்றுவது, வாயிலிருந்து குழாய் நழுவினால் எப்படித் தேடி எடுப்பது, காற்றே தீர்ந்துபோனால் கூட வந்தவரிடமிருந்து எப்படி மூச்சு வாங்குவது. அதற்காகவே ஒவ்வொருவர் கருவியிலும் இரண்டாவது வாய்க்குழாய் ஒன்று தொங்குகிறது. தனியாக இறங்கக் கூடாது. இறங்குவதற்கு முன் உன் கருவியை உன் துணையும், துணையின் கருவியை நீயும் சோதிக்க வேண்டும். இதெல்லாம் முடிந்து கடலில் நான்கு முறை இறங்கிக் காட்டினால் அட்டை கிடைக்கும். அதை வைத்துக்கொண்டும் 18 மீட்டர்வரைதான் போகலாம்.

மூச்சை அடக்காதே என்பதுதான் அத்தனை விதிகளுக்கும் முதல் விதி. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரு மடங்கு. அங்கே இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். பயிற்சியாளர் இதைச் சொன்னபோது, எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். செப்டிக் டேங்கில் இறங்குபவர் அவர். “உள்ள போகும்போது மூச்ச அடக்கிக்கணும், அதான் தொழிலு” என்பார். அவருக்கு யாரும் படிவம் நீட்டவில்லை. இடுப்பில் ஒரு கயிறு, இறங்கும் முன் ஒரு குவார்ட்டர், மேலே ஒரு மேஸ்திரி. அவ்வளவுதான்.

மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு இறங்குவார்கள். ஹைட்ரஜன் சல்பைடு அளவு மீறினால் முதலில் மூக்கின் உணர்ச்சியைத்தான் கொல்லும். நாற்றம் இல்லையே என்று நினைக்கும் நேரத்தில் ஆள் விழுந்திருப்பான். அவனைத் தூக்க அண்ணன் இறங்குவான், அண்ணனைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர். ஒரே குழியில் மூன்று உடல்கள் என்ற செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! மீன் பார்க்கப் போகிறவருக்கு மீட்புப் பாடம் நடத்தத் தெரிந்த நாடு இது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் அபாயகரமான முறையில் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கு 2 ஆண்டுவரை சிறை. ஆனால் ‘அபாயகரம்’ என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள்: பாதுகாப்புக் கருவி தராமல் இறக்குவதுதான் குற்றம். கருவி கொடுத்தால் இறக்கலாம் என்ற ஓட்டை அதற்குள்ளேயே இருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. மரணத்தின் விலை ஏறியிருக்கிறது, மரணம் நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் அரசே வைத்த கணக்குகளில் சமூக நீதி பேசும் நம் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது.

இதைப் படித்துவிட்டு, “சரி, அவர்களுக்கும் சிலிண்டர் வாங்கிக் கொடுத்துவிடலாமே” என்று ஒரு நல்ல மனிதர் கிளம்புவார். வேண்டாம் ஐயா. நான் கடலில் இறங்கியது என் விருப்பம், இறங்க மாட்டேன் என்று சொல்லி வீட்டுக்குப் போகவும் முடியும். படகில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்த உரிமையை முதல் நாளே சொன்னார்கள். எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல், டைவை நிறுத்தலாம். மலக்குழியில் இறங்குகிறவரை அனுப்புவது சாதி. அவருக்கு முகமூடி மாட்டினாலும் அனுப்புவது சாதிதான். அடைப்பை எடுக்க இயந்திரம் இருக்கிறது, கேரளத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள் ரோபோவே செய்து 2018இல் இறக்கிக் காட்டினார்கள். குழிக்குள் எந்த மனிதரும் போகக் கூடாது. இதில் பேரம் கிடையாது.

ஆக, தோழரே, மீனா மலக்குழியா என்று என்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். நம் பிள்ளைகள் சாக்கடைக்குள் இறங்கக் கூடாது என்று கேட்கும் அதே வாயால், அவர்கள் கடலுக்குள் இறங்க வேண்டும் என்றும் கேட்பேன். ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, நீச்சல் பயிற்சியும் அதற்கான உடையும் போக்குவரத்தும் அரசு தர வேண்டும் என்று ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம். என்னைக் கிண்டல் செய்த இரு தோழர்களும் கையெழுத்துப் போட வரலாம்.

அட்டையை அம்மாவிடம் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “எறங்கறதுக்கு நீ காசு குடுத்தியா, அவங்க குடுத்தாங்களா?” என்று கேட்டார். நான்தான் கொடுத்தேன் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், உள்ளே என்னவெல்லாம் இருந்தது என்று கேட்கத் தொடங்கினார்.