வீடுதான் நல்லது என்று யார் சொன்னது?

“இந்த மாதிரிப் பிள்ளைக்கு வீடுதாம்மா நல்லது.”

ஆட்டிசம் உள்ள மகனை முதலாம் ஆண்டில் சேர்க்கப் போன ஷா ஆலம் தாய்மார்கள் பலர் கேட்டுத் திரும்பும் பேச்சு இது. யாரும் கதவைச் சாத்துவதில்லை, பரிவோடுதான் சொல்கிறார்கள். வகுப்பில் முப்பது பேர், பையன் மிரண்டுபோவான், இப்போதுதான் ஹோம்ஸ்கூல் வந்துவிட்டதே! பாட்டியும் பக்கத்து வீட்டாரும் அதையே சொல்லச் சொல்ல, பெற்றவர்களும் நம்பிவிடுகிறார்கள். நான் நம்பவில்லை.

மலேசியாவின் 1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகள், பிறர் துணையின்றித் தன்னைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையைத்தான் கல்வி பெறத் தக்க பிள்ளை என்றன. கழிப்பறைக்குத் தனியே போகத் தெரியாத ஏழு வயதுக் குழந்தை அப்போதே வெளியே நின்றது. 2013இல் விதிமுறைகள் மாறின. சிறப்புப் பிள்ளை எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பரிவாகப் பேசுகிறவர்கள் வாயில் மட்டும் இன்னமும் அந்தப் பழைய விதிதான் வருகிறது.

வீட்டுக்கல்வியை நான் பழிக்கவில்லை. மனமார அதைத் தேர்ந்து, பிள்ளையின் போக்குக்கேற்பக் கற்பிக்கும் தாய்மாரை வணங்குகிறேன். ஆனால் போக்கிடமின்றி வந்தவர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்து, ‘வீட்டுக்கல்வி வளர்கிறது’ என்று மகிழ்வது அநியாயம். அம்மா வேலையை விடுகிறார். விட முடியாதவர், கடைவீட்டு மாடியில் ‘ஹோம்ஸ்கூல்’ எனப் பலகை மாட்டிய நிலையத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார். அது வீடும் இல்லை, பள்ளியும் இல்லை. அதற்கும் வசதியில்லாத வீட்டில் பிள்ளை தொலைக்காட்சி முன்னால் வளர்கிறது.

2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். வீட்டில் வைத்துக் கற்பிக்க விலக்கு வாங்க வேண்டும். மீறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அன்பாகப் பேசித் திருப்பி அனுப்பியவரைப் பற்றி அதை விதிக்கும் கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவில் ஒரு சொல்லும் கிடையாது.

2025க்குள் சிறப்புத் தேவை மாணவர்களில் 75 விழுக்காட்டினரை உள்ளடங்கிய கல்வித் திட்டத்தில் சேர்ப்பதே 2013 கல்விப் பெருந்திட்டத்தின் இலக்காக இருந்தது. ஓரிரு பாடத்துக்கு மட்டும் பொது வகுப்பில் உட்காருவதும் அத்திட்டத்தில் ஒரு வகை. மிரளும் பிள்ளைக்கு வேண்டியது நாள் முழுவதும் பக்கத்தில் ஒரு துணையாள், சத்தம் எட்டாத ஒரு மூலை, பெயர் சொல்லிக் கூப்பிடும் நான்கு நண்பர்கள். இந்த மூன்றாவதை எந்த அம்மாவாலும் வீட்டில் உண்டாக்க முடியாது.

ஆகவே பெற்றோரே, வீடுதான் நல்லது என்று யாராவது சொன்னால், அதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரக் கேளுங்கள். பெட்டாலிங் பெர்டானா மாவட்டக் கல்வி அலுவலகம் ஷா ஆலமில்தான் இருக்கிறது. அந்தக் கடிதத்தை அங்கே கொண்டுபோங்கள்.