டீபக்கரையும் டெஸ்ட் பண்ணணும்... ஏன் தெரியுமா?

கோடில் பக் தேடும் டீபக்கரை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால், அதையும் சோதித்தே ஆக வேண்டும்.

குரோம் கன்சோலில் ஒரு வரியை டைப் செய்யும்போதே, என்டர் தட்டும் முன் விடை தெரியும். 2018-ல், குரோம் 68-ல் வந்த வசதி இது. ஏற்கெனவே இருக்கும் மதிப்பு எதையாவது அந்த வரி மாற்றப் பார்த்தால், வி8 இன்ஜின் அதை அங்கேயே நிறுத்திவிடும்.

சிக்கல் எங்கே? புரோகிராமை நாம் சொன்ன வரியில் நிறுத்தும் பிரேக்பாயின்ட், இந்தக் கண்காணிப்பு இரண்டுமே ஃபங்ஷனின் பைட்கோடு நகலில்தான் கைவைக்கின்றன. ஒன்றின் மிச்சம் மற்றொன்றில் கலந்தால், டைப் அடிக்கும்போதே புரோகிராம் நின்றுபோகலாம். கார்ட்டில் ஒரு பொருள் சத்தமில்லாமல் கூடிவிடலாம். அப்புறம் நீங்கள் துரத்துவது உங்கள் பக்கையா, டீபக்கரின் பக்கையா?

அதனால், தனித்தனியாக டெஸ்ட் பாஸ் ஆனால் மட்டும் போதாது. இரண்டையும் மாற்றி மாற்றி, ஒன்றாகவும் ஓட்டிப் பார்ப்பதே சரி.