கலரா, கருப்பு வெள்ளையா?

காமிக்ஸ் வரைய உட்காருகிற பலரும் முதலில் கதையை முடிவு செய்கிறார்கள். அப்புறம் ஹீரோவின் முகம், அப்புறம் பெயர். கலரா, கருப்பு வெள்ளையா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. "முதலில் வரைந்து விடலாம், நேரமும் காசும் மிஞ்சினால் கலர் அடித்துக் கொள்ளலாம்" என்ற நினைப்பு. சிக்கல் ஆரம்பிப்பதே இங்கேதான். கலர் என்ன, ரசத்தில் கடைசியாகத் தூவுகிற கொத்தமல்லியா? முதல் கோடு போடும் முன்பே முடிவாக வேண்டிய விஷயம் அது.

ஒரு சின்ன சோதனை. ஏதாவது ஒரு கலர் காமிக்ஸ் பக்கத்தை சாதா ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். பச்சைப் புல்வெளியில் சிவப்புச் சட்டையோடு நின்றவன் புல்லோடு புல்லாகக் கலந்து போயிருப்பான். அவனைத் தனியாகக் காட்டிக் கொண்டிருந்தது கலர்தான். கோடு அந்த வேலையைச் செய்யவே இல்லை. கருப்பு வெள்ளையில் அதே ஆளைக் காட்ட ஓவியர் வேறு வழி தேட வேண்டும். பின்னாலிருக்கும் மரத்தை முழுக்கக் கருப்பாக்கலாம். கிட்டே இருப்பதற்குத் தடித்த கோடு, தூரத்தில் இருப்பதற்கு மெல்லிய கோடு போடலாம். ஜப்பானிய மாங்கா ஓவியர்கள் புள்ளிகள் அச்சடித்த டோன் தாளை வெட்டி ஒட்டியே சாம்பல் நிறத்தைக் கொண்டு வந்தார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இரும்புக்கை மாயாவியே போதும். 1962ல் பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் தொடங்கிய அந்தத் தொடரை ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ கருப்பு வெள்ளையில்தான் வரைந்தார். 1972ல் முத்து காமிக்ஸ் அதைத் தமிழுக்குக் கொண்டு வந்தது. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். இருட்டில் மிதக்கும் அந்தக் கைக்குக் கலர் எதற்கு?

இனி காசு விஷயம். காமர்ஸ் வகுப்பில் வரும் நிலைச் செலவு, மாறும் செலவு கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். ஆஃப்செட்டில் கருப்புக்கு ஒரு பிளேட், முழுக் கலருக்கு நாலு. இந்தப் பிளேட் செலவு 500 பிரதி போட்டாலும் அதேதான், 5000 போட்டாலும் அதேதான். அப்படியென்றால் பாரம் அதிகமாக விழுவது யார் தலையில்? கொஞ்சமாக அச்சடிக்கிற புது ஆள் தலையில்!

அச்சே வேண்டாம், கம்ப்யூட்டர் திரையில் மட்டும் வெளியிடலாம் என்றால் மைச் செலவு மிச்சம். நேரம்? ஒரு பக்கத்துக்குக் கலர் அடிக்க அரை நாள் என்று வைத்துக் கொண்டால் 24 பக்கத்துக்கு 12 நாள். செமஸ்டருக்கு நடுவில் அந்த 12 நாள் கிடைக்காமல் ஏழாம் பக்கத்தோடு நின்று போகிற கதைதான் உண்மையான நஷ்டம்.

அமெரிக்காவின் ஜெஃப் ஸ்மித் 1991ல் 'போன்' தொடரைத் தானே பதிப்பித்து ஆரம்பித்தார். உள்ளே கருப்பு வெள்ளை மட்டும். 55 இதழ்கள் வந்து, 2004ல் கதை முடிந்தது. 2005 முதல் ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் அதைக் கலரில் வெளியிட, பள்ளிப் பிள்ளைகள் அள்ளிக் கொண்டார்கள். "பார்த்தீர்களா, கடைசியில் கலர்தானே ஜெயித்தது?" என்று கேட்கலாம். ஆனால் கலருக்குக் காசு போட ஒரு பெரிய நிறுவனம் வந்தபோது, ஸ்மித் கையில் முடிந்து போன ஒரு முழுக்கதை இருந்தது. முதல் இதழிலிருந்தே கலர்தான் வேண்டும் என்று அடம் பிடித்திருந்தால்...?

'தி வாக்கிங் டெட்' இன்னொரு விதம். 2003 முதல் 2019 வரை 193 இதழ்கள், எல்லாமே கருப்பும் சாம்பலும். ரத்தம் கருப்பாகத் தெரிவதால் கண் காயத்தில் நிற்காமல் பயந்தவன் முகத்துக்குப் போகிறது. 2020ல் கலர் பதிப்பு வர ஆரம்பித்தது. கதை அதேதான், பயம்தான் வேறு.

இதற்காகக் கலரே கூடாது என்று அர்த்தமில்லை. சின்னக் குழந்தைகளுக்கான கதை, ஒரு நிறமே துப்பாக வருகிற துப்பறியும் கதை, நிகழ்காலத்தையும் பழைய நினைவையும் நிறத்தால் பிரிக்கிற கதை... இவையெல்லாம் கலர் கேட்கும். கதை கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கடையில் பக்கத்துப் புத்தகத்துக்கு முன்னால் மங்கித் தெரியுமே என்ற பயத்துக்காகக் கொடுக்க வேண்டாம். அந்தப் பயத்துக்கு அட்டையை மட்டும் கலரில் போட்டால் போதும். 'போன்', 'வாக்கிங் டெட்' இரண்டும் அதைத்தான் செய்தன.

ஆக, முதல் காமிக்ஸுக்குக் கருப்பு வெள்ளைதான் சரி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கருப்பு வெள்ளைக்கென்றே யோசித்து வரைந்தால் போதும். 24 பக்கத்தில் முடிந்த கருப்பு வெள்ளைக் கதையை நாலு பேராவது படிப்பார்கள். ஏழாம் பக்கத்தில் நின்ற கலர் கதையை யார் படிப்பார்கள்?

உங்க ஓட்டு எதுக்கு மக்களே?