‘கியர்பாக்ஸ் போச்சு’ன்னு சொன்னா, எதை வெச்சுன்னு கேளுங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். பழைய ஆட்டோமேட்டிக் கார் வெச்சிருக்கறவங்களும், செகண்ட் ஹேண்ட்ல வாங்கப் போறவங்களும் பொறுமையா படிங்க.

பொள்ளாச்சி, உடுமலை, கோவைன்னு எங்க பாத்தாலும் இப்ப எட்டு, பத்து வருஷம் ஓடின ஆட்டோமேட்டிக் வண்டிங்க கைமாறுது. வாங்கி ஆறு மாசத்துல கியர் மாறும்போது ஒரு உதறல். ரிவர்ஸ் போட்டா ரெண்டு செகண்ட் யோசிச்சுட்டுத்தான் நகருது. ஒர்க்‌ஷாப்ல விட்டா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுத் தீர்ப்பு வந்துடும்: "கியர்பாக்ஸ் போச்சுங்க. இறக்கித்தான் பாக்கோணும். ஒரு லட்சத்துக்குக் கொறயாதுங்க."

என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. எதை வெச்சு சொன்னீங்க?

"டாக்டருக்கு எதுக்குங்க மெக்கானிக் வேலை?"ன்னு கமெண்ட் வரும், தெரியும். கியர்பாக்ஸ் பிரிக்க எனக்குத் தெரியாது. ஆனா நோய் கண்டுபிடிக்கிறதுன்னா என்னன்னு தெரியும். ஓபில வயித்து வலின்னு வந்தவரைத் தொட்டுக்கூடப் பாக்காம "திறந்துடலாம்"னு நான் சொன்னா, என் சட்டையைப் புடிப்பீங்களா மாட்டீங்களா? காருக்கு மட்டும் ஏன் தலையாட்டிட்டு அட்வான்ஸ் குடுக்கறீங்க?

முதல்ல, உங்க வண்டில இருக்கறது எந்த ஆட்டோமேட்டிக்? நிறைய பேருக்குத் தெரியாது. ஏஎம்டி, டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, டூயல் கிளட்ச் - நாலும் நாலு ஜாதி. 2014-ல மாருதி செலேரியோல வந்த ஏஎம்டியை எடுத்துக்கங்க. உள்ள இருக்கறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிக்கிற காலும் கியர் போடற கையும் மட்டும் மெஷின். அதுல மாறும்போது லேசா தலையாட்டறது நோயே இல்ல, அதோட சுபாவம். புதுசா உதறுதுன்னா கிளட்ச் தட்டு தேஞ்சிருக்கலாம், ஆக்சுவேட்டர்ல கோளாறு இருக்கலாம், பேட்டரி வீக்கா இருக்கலாம். இது எதுக்கும் கியர்பாக்ஸை மாத்தத் தேவையில்ல.

அடுத்தது கேஸ் ஹிஸ்டரி. காலைல குளிர்ந்த வண்டிலயா, ஒரு மணி நேரம் ஓட்டின பிறகா? எல்லா கியர்லயுமா, ஒரு குறிப்பிட்ட கியர்லயா? மேடு ஏறும்போது ஆர்பிஎம் ஏறுது, வேகம் ஏறலையா? அது ஸ்லிப். 'டி'ல போட்ட உடனே 'டொக்'குனு ஒரு அடியா? இன்ஜின் மவுண்ட் கிழிஞ்சிருந்தாலும் அப்படித்தான் அடிக்கும். இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க. எழுதாம போனா "டாக்டர், ஒரு மாதிரியா இருக்கு"ன்னு சொல்ற பேஷண்ட் மாதிரிதான்.

அப்புறம் ஆயில். டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு இதுதான் ரத்தப் பரிசோதனை. இன்ஜின் ஆயில் மாதிரி இது எரிஞ்சு குறையாது. குறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஒழுகுது. புதுசுல பெரும்பாலும் சிவப்பா இருக்கும். கருத்துப்போய்க் கருகின வாசம் அடிச்சா உள்ள கிளட்ச் தட்டுங்க எரிஞ்சிருக்கு, அது நிஜமாவே பெரிய செலவு. ரோஸ்மில்க் மாதிரி இருந்தா ரேடியேட்டர் தண்ணி கலந்திருக்கு, வண்டியை ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. சில வண்டில டிப்ஸ்டிக்கே கிடையாது. லிஃப்ட்ல ஏத்தி, ஆயில் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் பிளக் கழட்டித்தான் பாக்கணும். அதுக்குச் சோம்பல்பட்டு "இது லைஃப்டைம் ஆயிலுங்க"ன்னு சொல்லுவாங்க. யாரோட லைஃப்டைம்னு கேளுங்க. இன்னொண்ணு, சிவிடில சாதா ஏடிஎஃப் ஊத்தறது ரத்தம் குரூப் மாத்தி ஏத்தற மாதிரி.

எங்க ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தங்க வண்டி, ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறும்போது ஸ்லிப் ஆச்சு. நாப்பது கொண்டை ஊசி வளைவு, பின்னாடி பஸ்ஸு, கார்ல ரெண்டு குழந்தைங்க. இறங்கி வந்து காட்டினா ஒரு ஒர்க்‌ஷாப்ல லட்ச ரூபாய் எஸ்டிமேட். ஆயில் லெவல் பாத்தீங்களான்னு கேட்டா பதில் இல்ல. வேற இடத்துல லிஃப்ட்ல ஏத்திப் பாத்தா, கூலருக்குப் போற ஹோஸ்ல ஒழுகல். ஹோஸ், சரியான ஆயில், லேபர் எல்லாம் சேத்து எஸ்டிமேட்ல பத்துல ஒரு பங்குகூட ஆகல. நகையை அடகு வெக்கக் கிளம்பினவங்க அவங்க.

ஸ்கேனர் போட்டோம்னு சொன்னா என்ன கோடு வந்துச்சுன்னு கேளுங்க. பி0700-ன்னு மட்டும் காட்டினா அது நோய் பேரு இல்ல, 'காய்ச்சல் இருக்கு'ன்னு சொல்ற மாதிரி. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்க்குள்ள வேற கோடு பதிவாயிருக்கு, போய்ப் பாருன்னு அர்த்தம். பி0741 வந்தா டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப் பக்கம் தேடணும். ஆன்லைன்ல வாங்கற குட்டி ஸ்கேனருங்க பல வண்டில இன்ஜின் கோடோட நின்னுடும், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் வரைக்கும் போகாது.

இங்கதான் எனக்கு உண்மையான கோபம். தெருமுனை மெக்கானிக் மேல முழுப் பழியும் போடறது அநியாயம். அவர்கிட்ட கருவி ஏன் இல்ல? 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேத்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. உதிரி பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளையும், ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காம வெச்சிருந்ததுதான் விஷயம். கம்பெனிகள் அப்பீல் போச்சு, கேஸ் வருஷக்கணக்குல இழுத்துச்சு. ஸ்டெதஸ்கோப்பைப் பூட்டி வெச்சுட்டு 'வெளி டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு சொல்ற வியாபாரம் இது.

சரி, கருவி வெச்சிருக்கற கம்பெனிகிட்டயே போனா? ஃபோர்டு பவர்ஷிஃப்ட் டூயல் கிளட்ச் கதை தெரியணும். அந்த ரகம் நம்ம மறைமலைநகர்ல தயாரான எக்கோஸ்போர்ட்லயும் வந்துச்சு. ஆஸ்திரேலியால அந்த கியர்பாக்ஸ் உதறுதுன்னு போன வாடிக்கையாளர்கள்கிட்ட, நீங்க ஓட்டற விதம்தான் காரணம்னு சொன்னாங்க. கியர்பாக்ஸ்லயே குறை இருக்குன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சிருந்தும். 2018 ஏப்ரல்ல அங்க ஃபெடரல் கோர்ட் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிச்சுது. நோயாளி மேலயே பழி போடற டாக்டரை நமக்குப் புடிக்காதுல்ல? அடுத்த தடவை சர்வீஸ் அட்வைஸர் "உங்க டிரைவிங் ஸ்டைல் சார்"னு ஆரம்பிச்சா இது ஞாபகம் வரட்டும்.

அப்ப என்ன பண்ணலாம்? கியர்பாக்ஸை இறக்க சம்மதிக்கிறதுக்கு முன்னாடி நாலு விஷயம் எழுத்துல கேளுங்க: ஆயில் லெவலும் நிறமும், எல்லா கோடும், பேட்டரி வோல்டேஜ், எந்தப் பாகம் எதனால போச்சு. "எழுத்துல எல்லாம் குடுக்க மாட்டோமுங்க"ன்னா சாவியை வாங்கிட்டு வாங்க. வண்டி ஓடற நிலைல இல்லன்னா டோ பண்ணிக்கலாம், லட்சத்துக்கு அது எவ்வளவோ மேல். கழட்டின பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்க, பில்லோட வெச்சுக்கங்க.

ஏமாத்திட்டாங்கன்னா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாம். வக்கீல் கட்டாயமில்ல. குடுத்த தொகை 5 லட்சம் வரைன்னா கோர்ட் ஃபீஸும் இல்ல. அங்க முதல்ல கேக்கப்போறதும் அந்தத் தாளைத்தான்.

உங்க வண்டி மாடல், வருஷம், கிலோமீட்டர், என்ன சொன்னாங்க, எவ்வளவு கேட்டாங்கன்னு கீழ போடுங்க. நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து படிக்கிறேன்.