என்ன கதை?

போன வாரம் தங்கை மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் ஒரு சீனத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். நீளக் கூந்தலும் நீள அங்கியுமாக இரண்டு இளைஞர்கள். 2019-ல் வந்த 'தி அன்டேம்ட்', மொத்தம் 50 பகுதிகள். இவள் இரண்டாவது முறையாகப் பார்க்கிறாள். மூலக்கதை ஒரு பெண் எழுதிய நாவல் என்பதும், அதில் அந்த இருவரும் காதலர்கள் என்பதும் எனக்கு முன்பே தெரியும். "ஏன்டி, ரெண்டு ஆம்பளைங்க காதலிக்கிற கதையை நீங்கல்லாம் ஏன் இப்படி விழுந்து விழுந்து பார்க்கறீங்க?" என்று கேட்டேன்.

"என்ன கதைன்னு நீங்க கேக்கவே இல்லையே பெரியம்மா" என்றாள். குரலில் கோபமில்லை. வருத்தம் இருந்தது.

பிறகு அவளாகவே ஓரிடத்தை ஓட்டிக் காட்டினாள். செத்துப்போனதாக ஊரே நம்பும் ஒருவன், 16 வருடம் கழித்து முகமூடியோடு திரும்பி வந்திருக்கிறான். ஆபத்து நெருங்கும் நேரத்தில் மூங்கிலை நறுக்கிக் குழலாக்கி வாசிக்கிறான். கரகரவென்று பிசிறடிக்கிறது. பதற்றத்தில் விரல்கள் தாமாகவே ஒரு பழைய மெட்டுக்குப் போய்விடுகின்றன. அந்த மெட்டைத் தெரிந்தவன் இன்னொருவன்தான். வாசித்தபடியே இவன் பின்னால் நகர, அந்த இன்னொருவன் வந்து மணிக்கட்டைப் பிடிக்கிறான். வசனம் இல்லை. நாவலில் காதலாக இருந்ததைத் தணிக்கைக்காகத் திரையில் நட்பாக்கிவிட்டார்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் அந்தப் பிடி சொல்கிறது. அவள் அதை நிறுத்தி, திரும்ப ஓட்டி, மறுபடி காட்டினாள்.

நான் கேட்ட கேள்வியை அன்று இரவு நினைத்துப் பார்த்தேன். அது என் கேள்விகூட இல்லை. பத்திரிகை டெஸ்க்கில் இருபது வருடம் உட்கார்ந்ததில் கைக்கு வந்துவிட்ட கேள்வி. ஆண்கள் இருவர் காதலிக்கும் கதையைப் பெண்கள் எழுதுகிறார்கள், பெண்கள் படிக்கிறார்கள் என்ற செய்தி வந்தால், உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அதை ஒரே அச்சில்தான் வார்க்கின்றன. 'பெண்களுக்கு இதில் என்ன இருக்கிறது?' என்று ஒரு தலைப்பு. ஒரு மனநல நிபுணரின் கருத்து, பாக்ஸ் மேட்டராக. நாலு வாசகிகள், பெயர் மாற்றப்பட்டு. கனடாவின் ரேச்சல் ரீட் 2019-ல் எழுதிய 'ஹீட்டட் ரைவல்ரி', ஐஸ் ஹாக்கி வீரர்கள் இருவர் களத்தில் எதிரிகளாகவும் வெளியே ரகசியக் காதலர்களாகவும் இருக்கும் கதை. 2025 நவம்பர் கடைசியில் அது தொடராக வந்து பெரிய வெற்றி பெற்றது. உடனே ஆங்கிலப் பத்திரிகைகளில் அதே கட்டுரைகள் வரிசையாக வந்தன, ஏதோ நேற்றுத்தான் கண்டுபிடித்ததுபோல.

இது நேற்றைய விஷயமே இல்லை. 1974-ல் ஜப்பானில் ஹாகியோ மோட்டோ, ஜெர்மன் விடுதிப் பள்ளி ஒன்றில் நடக்கும் 'தாமஸின் இதயம்' என்ற சித்திரத் தொடரைச் சிறுமியர் வார இதழில் எழுதினார். அதே 1974-ல்தான் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'ஸ்டார் ட்ரெக்'கின் ரசிகைகள் நடத்திய சிற்றிதழ் ஒன்றில் கேப்டன் கர்க்கையும் ஸ்பாக்கையும் காதலர்களாக வைத்து ஒரு பெண் எழுதிய கதை வெளியானது. இவருக்கு அவரைத் தெரியாது, அவருக்கு இவரைத் தெரியாது. ஹாகியோவின் தோழி டாகெமியா கேய்கோ 'காற்றும் மரமும் பாடும் பாட்டு' என்ற தன் கதையை மனதில் வைத்துக்கொண்டு பல வருடம் காத்திருந்து 1976-ல்தான் அச்சில் பார்த்தார். பிற்பாடு கியோட்டோவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார்.

ஏன் ஆண்கள் என்பதற்கு ஹாகியோவின் அனுபவத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 1971-ல் 'நவம்பர் பள்ளி' என்ற சிறுகதைக்காக இரண்டு வடிவங்களை வரைந்து பார்த்தாராம். ஒன்று பெண்கள் பள்ளியில், மற்றது ஆண்கள் பள்ளியில். பெண்கள் வடிவத்தில் கதை நகரவில்லை. பெண் எப்படிச் சிரிக்க வேண்டும், எப்படி வெட்கப்பட வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதெல்லாம் வரைகிற கைக்கு முன்னால் போய் நின்றுகொண்டன. பையன்களாக்கியதும் வேண்டியதைச் சொல்ல வைக்க முடிந்தது, கை விடுபட்டது. இது நோயும் இல்லை, விசித்திரமும் இல்லை. எழுதுகிறவள் தன் கதைக்கு இடம் தேடிய கதை. 'ஏன் இப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டால் இந்தப் பதில் வராது. 'இதை எப்படி எழுதினீர்கள்' என்று கேட்டால் வரும்.

ஜப்பானில் இந்த வாசகிகள் தங்களை 'புஜோஷி' என்று சொல்லிக்கொண்டார்கள். 'பெண்மணி' என்பதற்கான சொல்லில் ஓர் எழுத்தை மாற்றினால் 'அழுகிப்போன பெண்' என்றாகிவிடும். வீட்டுக்குள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ள வைத்த பெயர். 2005 வாக்கில் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் டோக்கியோவின் இகேபுகுரோவில் இவர்கள் புத்தகம் வாங்கும் தெருவுக்கு வந்துசேர்ந்தன. அந்தப் பெயரைத் தெருவிலிருந்து எடுத்துத் தலைப்பில் வைத்தன. ஒருத்தி தன்னைக் கிண்டல் செய்துகொள்ளும் சொல்லை அடுத்தவர் எடுத்து அவள்மேல் ஒட்டும்போது அது வேறு சொல்லாகிவிடுகிறது. 2008-ல் ஒசாகா பக்கத்து சகாய் நகரில் ஒரு புகார் எழுந்தது: பொது நூலகங்களில் இந்த வகைப் புத்தகங்கள் 5,499 இருக்கின்றனவாம். உடனே திறந்த அலமாரிகளிலிருந்து அவற்றை எடுத்து உள்ளே வைத்தார்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தருவதில்லை என்றார்கள். பெண்ணியவாதிகளும் நகரவாசிகளும் எதிர்த்து நின்ற பிறகுதான் அந்தத் தடை தளர்ந்தது. 5,499 என்ற எண் மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. இரவல் வாங்கிப் படித்தவர்கள் அதில் எங்கே?

இந்தக் கதைகளின் மேல் நியாயமான குறை ஒன்று உண்டு, அதை நான் ஒதுக்க மாட்டேன். 1992-ல் ஜப்பானின் சாட்டோ மசாகி, தானே தன்பாலீர்ப்பு ஆண், 'ஷுவாசீர்' என்ற சிறிய பெண்ணியப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். எங்களை அழகுப் பொம்மைகளாக்கி எட்டிப் பார்க்கிறீர்கள், அழகில்லாத, வயதான, அன்றாடம் அவமானப்படும் எங்களுக்கு உங்கள் கதையில் இடமில்லை, எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். பெண்கள் பதில் எழுதினார்கள். சிலர் இது கற்பனை, உங்கள் வாழ்க்கையோடு இதற்குச் சம்பந்தமில்லை என்றார்கள். சிலர் பெண்ணாக இருப்பதன் மூச்சுமுட்டலிலிருந்து தப்பித்து வந்த இடம் இது என்றார்கள். சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். வருடக்கணக்கில் நடந்த வாதம் அது. இந்த விஷயத்தில் நடந்த மிக நேர்மையான பத்திரிகை வேலை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே புகார் சொன்னவருக்கும் முகம் இருந்தது, பதில் சொன்னவர்களுக்கும் முகம் இருந்தது. நிபுணர் யாரும் நடுவில் இல்லை.

இனி சீனா. அங்கே இந்தக் கதைகளுக்கு 'தான்மெய்' என்று பெயர். அழகில் திளைப்பது என்று அர்த்தம். 2018 அக்டோபர் கடைசியில் அன்ஹுய் மாகாணத்தின் வூஹு மாவட்ட நீதிமன்றம், தியான்யி என்ற புனைபெயரில் எழுதிய பெண்ணுக்குப் பத்தரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அவர் புத்தகங்கள் 7,000 பிரதிகளுக்கு மேல் விற்று, 1,50,000 யுவான் லாபம் வந்ததாகக் கணக்கு. சீனாவில் ஆண்களுக்கிடையிலான உறவு 1997 முதல் குற்றமில்லை. ஆபாச நூல் விற்றதுதான் வழக்கு. தண்டனையின் அளவைத் தீர்மானித்ததும் பிரதிகளின் எண்ணிக்கையும் லாபமும்தான். அந்த அளவுகோல் 1998-ல் வகுத்தது. பாலியல் வன்கொடுமை செய்தவர்களுக்கு இதைவிடக் குறைந்த தண்டனை கிடைத்த வழக்குகளைச் சீன மக்களே எடுத்துக் காட்டிக் கொதித்தார்கள். உலகப் பத்திரிகைகளும் அதை எழுதின, எழுதியது நல்லது. ஆனால் நான் படித்த செய்திகளில் அவர் எழுதிய நாவலைப் பற்றி இருந்த வர்ணனை போலீஸ் தந்த வர்ணனை மட்டுமே. எழுதியவரைப் பத்தரை வருடத்துக்கு உள்ளே தள்ளிய ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல, அவரைப் படித்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருத்தி கிடைக்கவில்லையா?

2025-ல் சீனாவின் லான்ஜோ நகரப் போலீஸ் பல மாகாணங்களில் இருக்கும் தான்மெய் எழுத்தாளர்களுக்கு அழைப்பாணை அனுப்பியது. தைவானிலிருந்து இயங்கும் ஒரு தளத்தில் எழுதியதுதான் காரணம். ஒரு வழக்கறிஞர் பிபிசியிடம் சொன்ன கணக்கில், அந்த பிப்ரவரி முதல் குறைந்தது 30 பேர் கைது, ஏறக்குறைய எல்லோரும் இருபதுகளில் உள்ள பெண்கள். இந்த முறை அந்தப் பெண்கள் நிருபருக்காகக் காத்திருக்கவில்லை. சீனச் சமூக வலைதளமான வெய்போவில் தாங்களே எழுதினார்கள். வகுப்பிலிருந்து தன்னை அழைத்துப்போனதையும், விடுதி அறையைச் சோதனை போட போலீஸோடு நடந்ததையும், உடன் படிக்கிறவர்கள் பார்த்துக்கொண்டு நின்றதையும் ஒரு மாணவி எழுதினாள். பதிவுகள் கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டு, பின் தணிக்கைக்கு இரையாயின.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு பதறியது. என் தங்கை மகளின் வயதுதான் அந்தப் பெண்ணுக்கும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி வந்தபோது இந்தச் செய்தியைச் சொன்னேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள். இந்த நாவல்கள் தொடர்கதையாகத்தான் வரும், எழுதுகிறவள் ஒவ்வொரு அத்தியாயமாகப் போடுவாள், கீழே வாசகிகள் காத்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குச் சொன்னாள். நாங்களும் வாரப் பத்திரிகையில் 'தொடரும்' என்று பார்த்துவிட்டு வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தவர்கள்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அந்த வகுப்புல இருந்து கூட்டிட்டுப் போனாங்களே, அந்த அக்கா. அவங்க எழுதிட்டிருந்த கதை முடிஞ்சுதா பெரியம்மா?"

நான் எடுத்து வைத்திருந்த செய்திகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் திறந்து பார்த்தோம். எதிலும் அது இல்லை.