நிற்கும் கால்களும் நிலைக்கும் வாணிகமும்

பொருளீட்டும் துறைகளுள் மனிதரோடு மிகுதியும் உறவாடுவது வாணிகமே. உழவர் மண்ணோடும் கைவினைஞர் கருவியோடும் பழகுவர். வணிகரோ நாள்முழுதும் மக்களோடு பழகியே வாழ்வர். ஆயினும் மக்களை மதிக்கும் பண்பு வாணிகத்திற்கு ஓர் அணிகலனே என்றும், இலாபம் ஒன்றே அதன் உயிர் என்றும் எண்ணுவோர் நம்மிடையே பலர். அவ்வெண்ணம் பிழையுடையது என்பது நம் துணிபு. தொலைநோக்கும் மக்களை மதித்தலும் வணிகரிடத்தில் இருவேறு பண்புகள் அல்ல; ஒரே பண்பின் இருவேறு பெயர்கள்.

மேல்மலையனூர் அங்காளம்மன் திருக்கோயிலில் அமாவாசை இரவுதோறும் ஊஞ்சல் உற்சவம் நிகழ்கிறது. பல மாவட்டங்களினின்றும் சிறப்புப் பேருந்துகளில் மக்கள் வந்து குவிகின்றனர். தேங்காய், எலுமிச்சை, பூமாலை, கற்பூரம், வளையல், சிற்றுண்டி என அவ்வோர் இரவில் நடைபெறும் விற்பனையே பல குடும்பங்களுக்கு அம்மாதத்தின் வருவாய். அக்கடைகளில் விடியும்வரை நின்று விற்கும் பிள்ளைகளை நாம் காண்கிறோம். செஞ்சியிலும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள துணிக்கடைகளில் திருவிழா இல்லாத நாள்களிலும் காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்களையும் காண்கிறோம். நம்மிடம் தமிழ் பயின்றோர் சிலரும் அவர்களுள் உளர்.

ஒருவர்க்கு வேலை கொடுத்தலைப் ‘பணியில் அமர்த்துதல்’ என்று நம் மொழி அழகுறக் கூறுகிறது. ஆனால் பணியில் அமர்த்தப்பெற்றவர்க்கு அமர இடமில்லை! இம்முரண்பாட்டை நீக்க ஒரு சட்டமே வேண்டியிருந்தது. 2018ஆம் ஆண்டில் கேரளமும், 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் பற்றிய தத்தம் சட்டங்களைத் திருத்திப் பணியாளர்க்கு இருக்கை தருதல் கட்டாயம் என ஆக்கின. சட்டம் வந்து ஆண்டுகள் சில கடந்தும், நாற்காலி வராத கடைகள் இன்றும் உள. நாற்காலி இருந்தும் அதில் அமர அஞ்சும் பணியாளரும் உளர். சட்டம் இருக்கையைத்தான் தர இயலும். அமரும் துணிவை முதலாளியின் முகமே தரவேண்டும்.

திருவள்ளுவர் வாணிகத்தின் அறத்தைப் பொருட்பாலில் வைக்காமல் அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தது எண்ணத்தக்கது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகர்க்கு வாணிகம் என்பது அவர் கருத்து. பொருளுக்கே இவ்விதி எனின், பிறர் உடலுக்கும் உழைப்புக்கும் உரிய விதி யாதென்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

இவ்விதியை வாழ்ந்து காட்டியவர் ஒருவர் நம் தமிழ்த்துறைக்கு மிக நெருங்கியவர். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பித்த வ.உ.சிதம்பரனாரையே குறிப்பிடுகின்றோம். விடுதலை வீரராகவும் தமிழறிஞராகவும் அவரைப் போற்றும் நாம், வணிகத் தலைவராக அவரை எண்ணிப் பார்ப்பது அரிது. 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அதனை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார் வ.உ.சி. சில செல்வர்களின் பணப்பெட்டியை மட்டும் நம்பாது, பலரும் பங்குகொள்ளுமாறு அமைத்த இவ்வமைப்பிலேயே அவருடைய தொலைநோக்குப் புலனாகிறது. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கித் துணைநின்றார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின.

போட்டியிட்ட ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. பின்னர்க் கட்டணமின்றி ஏற்றிச் செல்லவும், குடை ஒன்றை இனாமாகத் தரவும் முன்வந்தது. இத்தகைய நெருக்கடியில் சிக்கிய வணிகர் எவரும் தம் கணக்கேட்டைவிட்டுத் தலை நிமிரார். வ.உ.சி.யோ நிமிர்ந்தார். 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது, சுப்பிரமணிய சிவாவோடு அவர்கள் பக்கம் நின்றார். தாமே ஒரு நிறுவனத்தை நடத்துபவர் பிறிதொரு நிறுவனத்தின் தொழிலாளர்க்காகக் குரல் கொடுத்தது வியப்பன்றோ! ஒன்பது நாள்களில் ஆலை நிருவாகம் இறங்கி வந்தது. அதன் பின் சில நாள்களில், மார்ச்சு 12ஆம் நாள் வ.உ.சி. சிறைப்படுத்தப்பட்டார்.

‘அவர் நிறுவனம் நிலைக்கவில்லையே; 1911ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டுவிட்டதே; இது வணிகர்க்கு எடுத்துக்காட்டாகுமா?’ என்று வினவுவோர் உண்டு. நேர்மையான வினாவே இது. ஆனால் அந்நிறுவனம் வீழ்ந்தது மக்களை மதித்ததனால் அன்று. அரசே பகைவரோடு சேர்ந்து நின்றதனாலும், அதனை வழிநடத்தியவர் சிறையில் இருந்ததனாலும் வீழ்ந்தது. எனினும், மக்களை மதிக்கும் வாணிகம் நிலைத்து ஓங்கியதற்குச் சான்று வேண்டுவோர் மதுரையை நோக்குக.

மருத்துவர் கோவிந்தப்ப வேங்கடசாமி முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கண் அறுவையில் கைதேர்ந்தவர். அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றபின், 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் செலுத்துவோரின் கட்டணத்தைக் கொண்டு, செலுத்த இயலாதார்க்கும் மருத்துவம் அளிப்பதே அவர் வகுத்த முறை. ஊர்ப்புறப் பெண்களைத் தேர்ந்து, பயிற்சி தந்து, கண் மருத்துவத் துணைப் பணியாளர்களாக ஆக்கினார். அயல்நாட்டு விலையில் வாங்க இயலாத விழிவில்லைகளை 1992ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் ஆரோலேப் வாயிலாகத் தானே செய்து விலையைக் குறைத்தது. நம் பகுதியினர் எளிதில் சென்றுவரும் புதுச்சேரியிலும் இன்று அதன் மருத்துவமனை உள்ளது. ஏழை நோயாளியைச் சுமையாகவும், படிப்பு குறைந்த பெண்ணைக் கூலியாளாகவும் கருதியிருந்தால் இவ்வளர்ச்சி ஏது?

‘இவையெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும், இரண்டு ஆள் வைத்துக் கடை நடத்தும் எமக்கு எப்படி இயலும்?’ என்பர் நம் ஊர் வணிகர். அவர்தம் இடர்ப்பாட்டை நாம் அறியாதவர் அல்லேம். வாடகை உயர்கிறது, கடன் வட்டி நெருக்குகிறது, நகரத்துப் பெருங்கடைகள் வாடிக்கையாளரை ஈர்க்கின்றன. ஆயினும் அவ்வணிகர் வாயிலிருந்தே நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு: ‘வேலைக்கு வரும் ஆள் நிற்பதில்லை.’ நாள்முழுதும் ஆளை நிற்க வைக்கும் கடையில் ஆள் நிற்பதில்லை என்பதன் காரணம் வெளிப்படை. தொழில் பழகிய ஆள் ஒருவர் விலகும்போது, சரக்கின் இருப்பிடம் அறிந்த கையும் வாடிக்கையாளர் முகம் அறிந்த கண்ணும் உடன் சென்றுவிடுகின்றன. அவ்விழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. எனினும் ஆண்டுதோறும் முதலை அரிக்கிறது. ஓர் இருக்கையின் விலை அதைவிடக் குறைவே.

செலவே இல்லாத மதிப்பும் உண்டு. ‘ஏய்’ என்னாது பெயர் சொல்லி அழைத்தல், சொன்ன நாளில் சம்பளம் தருதல், உண்ணும் நேரத்தில் குறுக்கிடாமை, வாடிக்கையாளர் முன்னிலையில் இழித்துப் பேசாமை ஆகியவற்றிற்கு எந்த வங்கியிலும் கடன் வாங்க வேண்டுவதில்லை.

செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ஆயினும் இப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தது அதன் மதில்களின் உயரத்தை அன்று. 1714ஆம் ஆண்டில் போரில் வீழ்ந்த தேசிங்குராசனையும், அவனுக்காகப் போர்க்களம் புகுந்த இசுலாமிய நண்பனையுமே. கட்டியவை நிற்பினும், மக்கள் நெஞ்சில் நிலைப்பது உறவே.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் நாளை அரசுப் பணிக்குச் செல்லாமல் கடையோ, அரிசி ஆலையோ, சிறுதொழிலோ தொடங்குவீர்கள். அன்று நீங்கள் கல்லாவுக்குப் பின்னே உங்களுக்கென ஒரு நாற்காலி வாங்குவீர்கள். அதே நாளில், அதே கடையில், உங்கள் பணியாளருக்கும் ஒன்று வாங்குங்கள். உங்கள் வாணிகம் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதை அவ்விரண்டாம் நாற்காலியே சொல்லிவிடும்.