தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு கடல்!

கூட்டம் இல்லாத கடற்கரைகள்: அழகும் உண்டு, அபாயமும் உண்டு

தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்கு மின்சார ரெயில் ஓடுகிறது. 1931-ம் ஆண்டு தொடங்கிய சேவை இது. ஆனால், "கடற்கரை" நிலையத்தில் இறங்கினால் மணலும் இல்லை; அலையும் இல்லை. எதிரே இருப்பது துறைமுகம்!

ஒரு காலத்தில் அங்கே சாலை ஓரம் வரை கடல் இருந்தது. 1870-களில் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் கல் சுவர் நீண்டது. தெற்கில் இருந்து வடக்கே நகரும் மணலை அந்தச் சுவர் தடுத்தது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. அதனால்தான் மெரினா இவ்வளவு அகலம். சுவருக்கு வடக்கே, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம், கடல் நிலத்தை அரித்துத் தின்றது.

மெரினாவைத் தெரியாதவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே கால் வைக்க இடம் கிடைக்காது. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் மக்களுக்கு அதைவிடப் பக்கத்தில் வேறு கடற்கரைகள் இருக்கின்றன.

மதிலுக்குப் பின்னால் கடல்

கிழக்குத் தாம்பரத்தில் இருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனால் அக்கரை வந்துவிடும். அதற்கு வடக்கே ஈஞ்சம்பாக்கம், நீலாங்கரை, பாலவாக்கம், கொட்டிவாக்கம். தெற்கே பனையூர், உத்தண்டி, கானத்தூர். எல்லாம் கடலோர ஊர்கள்.

ஆனால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவருக்குக் கடல் எளிதில் தெரியாது. பங்களாக்களும் மதில்களும் மறைத்து நிற்கின்றன. இடையில் உள்ள தெருக்கள் வழியாகவும், மீனவர் குப்பங்கள் வழியாகவும்தான் மணலுக்குப் போக வேண்டும்.

அந்த மணல் மீனவர்களுக்குத் தொழில் செய்யும் இடம். அங்கே படகு நிற்கும், வலை காயும். வருகிறவர்கள் வலையை மிதிக்காமல், படகில் ஏறாமல் நடந்துகொள்வது மரியாதை.

கோவளம்

சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோ மீட்டரில் இருக்கிறது கோவளம். தாம்பரத்தார் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகவும் போகலாம்.

பழைய துறைமுக ஊர் இது. இங்கிருந்த கோட்டையை 1752-ல் ராபர்ட் கிளைவ் பிடித்தார். இன்று மாதா கோவிலும் தர்காவும் ஊருக்கு அழகு சேர்க்கின்றன. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலகை மீது நின்று அலையில் சறுக்கும் விளையாட்டில் பெயர் எடுத்திருக்கிறார்கள்.

2021-ல் கோவளம் கடற்கரை "நீலக் கொடி" சான்றிதழ் பெற்றது. இதைத் தருவது டென்மார்க் நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பு. மொத்தம் 33 நிபந்தனைகள். தண்ணீர் சுத்தம், கழிப்பறை, குளிப்பவரைக் காக்கும் ஏற்பாடு ஆகியவை அவற்றில் அடங்கும்.

இழுக்கும் தண்ணீர்

பெயர் தெரியாத கடற்கரைகளில் பெரிய குறை, காவலுக்கு ஆள் இல்லாததுதான்.

அலை கரைக்குக் கொண்டு வரும் தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல் திட்டில் இடைவெளி இருந்தால், அதன் வழியே ஆறு போலக் கடலுக்குள் பாயும். அந்த இடத்தில் மேலே அலை குறைவாக இருக்கும். "அமைதியான இடம்" என்று நினைத்து இறங்குகிறவரை அது உள்ளே இழுத்துவிடும்.

அப்படி இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, களைத்துப் போவோம். பதறாமல் மிதந்து, பக்கவாட்டில் கரையை ஒட்டிய திசையில் நீந்த வேண்டும். இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்பலாம்.

நீந்தத் தெரிந்தவருக்கும் ஆபத்து உண்டு. பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு வெள்ளை மண்டபம் நிற்கிறது. 1930 டிசம்பர் 30-ந் தேதி, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர் துறந்த டென்மார்க் நாட்டவர் ஷ்மிட்டின் நினைவு மண்டபம் அது.

தாம்பரத்துத் தண்ணீர்

செம்பாக்கம் ஏரி நிரம்பினால், தண்ணீர் ஏரி ஏரியாகக் கடந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், பிறகு முட்டுக்காடு. அங்கேதான் கடலில் கலக்கும்.

ஆகவே, தாம்பரம் பக்கத்து வாய்க்காலில் எறியும் பிளாஸ்டிக் பை, கோவளத்து மணலில் ஒதுங்கலாம்!

கடல் ஆமைகளும் இந்த மணலை நம்பி வருகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரை ஏறி முட்டையிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. வலையில் சிக்கினால் அவை மூச்சு விட மேலே வர முடியாது.

யார் பொறுப்பு?

தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆனது. அதன் எல்லைக்குள் கடற்கரை கிடையாது. சென்னை மாநகராட்சி 2011-ல் உத்தண்டி வரை விரிந்தது. அதற்குத் தெற்கே செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊராட்சிகள். தண்ணீர் ஓர் ஊரில் இருந்து வருகிறது. குப்பை இன்னோர் ஊரில் ஒதுங்குகிறது. குளிக்க வருகிறவர் மூன்றாவது ஊர்க்காரர்.

எனவே ஒரு நிர்வாகம் மட்டும் முயன்றால் போதாது. ஒவ்வொரு கரைக்கும் ஒரு பொதுப் பாதை, தமிழில் ஓர் எச்சரிக்கைப் பலகை, விடுமுறை நாளில் காவலுக்கு இரண்டு பேர் வேண்டும். அந்தக் காவலுக்கு, கடலை அறிந்த மீனவ இளைஞர்களைவிடத் தகுதியானவர் யார்?

அதுவரை குடும்பத்தோடு போகிறவர்கள் இருட்டும் முன் திரும்புவது நல்லது. குழந்தையின் கையை விடக் கூடாது. "இங்கே இறங்கலாமா?" என்று குப்பத்துப் பெரியவரைக் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால், அன்று மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்பதே போதும்.